பேர் இல்லின் பெர்லின்

பெர்லின்,
12.04.2025

அன்புள்ள நிருஷாவுக்கு,

நான் நலம். நீயும் நலமா என்று கேட்க வேண்டும் என்பது அஞ்சலா ரீச்சரின் கட்டளை, கேட்டுவிட்டேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ச் சோதனைக்குக் கடிதம் எழுதிப் பழகட்டும் என்று டுசல்டோர்ஃப் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளையும் பெர்லின் பிள்ளைகளையும் சோடி சோடியாகக் கட்டிவிட்டாவே, மற்றச் சோடிகள் எல்லாம் இரண்டாம் கடிதத்தோடு படுத்துவிட்டன. நாங்கள்தான் ஆறாவதில் நிற்கிறோம். எனக்கு ஒரு பரிசு தரலாம். உனக்கு ஒரு ஓய்வு தரலாம்.

மே 24 சனிக்கிழமை உங்கள் பள்ளிப் பெற்றோர் பஸ் பிடித்து பெர்லின் பார்க்க வருகிறார்கள், பார்க்க வேண்டிய இடங்களைத் தமிழில் எழுதித் தா என்றாய். இதோ. பயணத்தை ஒழுங்கு செய்கிற இராயப்பு மாமா பஸ்ஸில் ஒலிவாங்கியில் வாசிக்கட்டும்.

பிரண்டன்பூர்க் வாசல்: மேலே நாலு குதிரை, ஒரு தேர், ஒரு அம்மன். வடம் பிடிக்க ஆள் தேவையில்லை. ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேரை இழுத்துக் கை புண்ணானவர்கள் இங்கே வந்து ஆறலாம். நெப்போலியன் இந்தத் தேரைக் கழற்றி ஒருமுறை பாரிசுக்குக் கொண்டுபோனானாம், பிறகு திரும்பி வந்துவிட்டது. எங்கள் சனத்தைப் போலத் தேருக்கும் பாரிசில் சொந்தக்காரர் இருந்திருக்க வேண்டும்.

தொலைக்காட்சிக் கோபுரம்: நகரத்தின் எந்த மூலையில் தொலைந்தாலும் நிமிர்ந்து பார்த்தால் தெரியும். தொலைந்தவர்க்குக் காட்சி தருவதால் அந்தப் பேர்.

அருங்காட்சியகத் தீவு: ஒரே தீவில் ஐந்து அருங்காட்சியகங்கள். ஒன்றில் எகிப்து ராணி நெஃபர்டிட்டியின் தலை இருக்கிறது. படம் எடுக்க விடமாட்டார்கள். “பிள்ளை, என்னை இவவோட நிக்கவைச்சு ஒண்டு எடு” என்று எந்த அம்மாவும் தொடங்கக்கூடாது.

சுவர்: ஊரையே பிரித்து வைத்திருந்தது. மிச்சம் நிற்கும் நீளத் துண்டில் வரிசையாகப் படங்கள். வீட்டுச் சுவரில் கீறினால் அடி, இங்கே கீறினால் உலகப் புகழ். கறிவூர்ஸ்ட் என்ற இந்த ஊர் சொசேஜ்: பேரில் மட்டும் கறி. கொண்டுவந்த இடியப்பத்தைச் சாப்பிடுவது புத்தி.

கொல்லப்பட்ட யூத மக்களின் நினைவிடம்: இரண்டாயிரத்து எழுநூற்றுச் சொச்சம் சாம்பல் நிறக் கற்கள். இதில் எனக்குப் பகிடி கிடையாது. கல்லில் ஏறாதீர்கள், கல்லில் இருந்து சாப்பாட்டுப் பொதி பிரிக்காதீர்கள். கதைக்காமல் நடந்து போய் வாருங்கள்.

கடைசியாக, பாராளுமன்றத்தின் கண்ணாடிக் குவிமாடம். சுற்றிச் சுற்றி ஏறலாம், ஊர் முழுக்கத் தெரியும், காலுக்குக் கீழே பாராளுமன்றம் தெரியும். ஆனால் எல்லாருடைய பேரும் பிறந்த தேதியும் முன்கூட்டியே பதிய வேண்டும். வாசலில் அடையாள அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பேர் இல்லின் பெர்லின் இல்லை! (இதைப் பெரிய எழுத்தில் போடு. இதற்கு இரண்டு நாள் யோசித்தேன்.) படிவத்தை இராயப்பு மாமாவிடம் விட்டால் நீங்கள் அடுத்த தேர்தலுக்குத்தான் மேலே ஏறுவீர்கள். பட்டியலை அனுப்பு, நான் நிரப்புகிறேன்.

சொல்லால் அடிக்கும்,
பிரவீணன்

•

டுசல்டோர்ஃப்,
22.04.2025

பிரவீணனுக்கு,

நலம்தான். நீ எழுதித் தந்த பக்கத்தை இராயப்பு மாமாவிடம் கொடுத்தேன். பாரிஸ் சொந்தக்காரர் பகிடிக்குச் சிரித்துச் சிரித்து இருமினார். பட்டியல் இதோடு இருக்கிறது. முப்பத்தெட்டுப் பேர், பேரும் பிறந்த தேதியும். என் கையெழுத்தைக் குறை சொல்லாதே, இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

பதினேழாம் பேரைப் பார். செல்வராசா. என் அப்பா.

உனக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டில் இது செய்தி. அப்பா எங்கேயும் வருகிறவர் இல்லை. பாரிசில் கலியாணம், லண்டனில் சாமத்தியவீடு, எதற்கும் நானும் அம்மாவும்தான். “எனக்கு வேலை இருக்கு, நீங்கள் போட்டு வாங்கோ.” பாணும் கேக்கும் செய்கிற தொழிற்சாலைக்குப் போவார், வருவார், அவ்வளவுதான். அதனால் நான் மனதுக்குள் அவருக்கு ஒரு பேர் வைத்திருக்கிறேன். செல்வராசா இல்லை, செல்லாத ராசா. சொற்களை இப்படி உடைக்க உனக்குப் பிடிக்கும் என்பதால் உனக்கு மட்டும் எழுதுகிறேன். வேறு யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தாயோ, கொன்றுபோடுவேன்.

அவருக்கு மார்ச்சில் ஜெர்மன் கடவுச்சீட்டு வந்தது. வந்து முப்பத்துமூன்று வருடத்துக்குப் பிறகு. அதற்குப் பிறகுதான் தானாகவே சொன்னார்: “பெர்லினுக்கு நானும் வாறன்.” உன் பக்கத்தை வாங்கி வாசித்துவிட்டுக் கேட்டார்: “இந்தக் கண்ணாடிக்கு மேல உண்மையா விடுவினமோ? எங்கட பேரைக் குடுத்தாக் காணுமோ?” ஓம் என்றேன். மூன்று நாளில் மூன்று தரம் கேட்டுவிட்டார். நேற்றுத் தலைமயிர் வெட்டிவிட்டு வந்தார். பயணம் இன்னும் ஒரு மாதம் இருக்கிறது!

கவனமாக நிரப்பு.

நிருஷா

•

பெர்லின்,
27.05.2025

அன்புள்ள நிருஷாவுக்கு,

உன் கைத்தொலைபேசியில் என்னைத் தடுத்துவிட்டாய். தபால்காரரைத் தடுக்க இன்னும் யாரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை, ஆகவே இந்த வழி.

சனிக்கிழமை உங்களைக் குவிமாட வாசல்வரை கூட்டிப்போக நான் வந்த இடத்தில் ஒரு சின்னப் பிழை நடந்துவிட்டது. அதை விளக்கத்தான் எழுதுகிறேன். படிவம் நிரப்பும்போது பதினேழாம் பேருக்கு வந்ததும், குடும்பப்பெயர்க் கட்டத்தில் ‘செல்லாத’ என்றும் முதற்பெயர்க் கட்டத்தில் ‘ராசா’ என்றும் அடித்துப் பார்த்தேன். படம் எடுத்து உனக்கு அனுப்பிச் சிரிக்கவைக்க மட்டும்தான். பிறகு திருத்தலாம் என்று இருந்தேன். அதற்குள் அந்த இணையப் பக்கம் என்னவோ செய்து, பட்டியல் போய்விட்டது. பொத்தானுக்குக் கண் இல்லை.

வாசலில் பட்டியலோடு நின்ற அந்த ஆள் ஒவ்வொரு பேராகச் சரி பார்த்து, கடைசியில் மிஞ்சின பேரைச் சத்தமாக வாசிப்பார் என்று யார் கண்டது? “ஹெர் செல்லாத? ராசா செல்லாத?” அவருக்குத் தமிழ் தெரியாது, பாவம். எங்கள் ஆட்களுக்குத் தெரியும், அதுதான் கரைச்சல். சிரித்தது அவர்கள். நான் இல்லை.

இராயப்பு மாமா என் பக்கம் திரும்பி, “டேய், இது ஆற்ற வேலை?” என்றபோது என் வாய் என்னை முந்திவிட்டது. “நிருஷா தந்த பேர்” என்று சொல்லிவிட்டேன். யோசித்துப் பார், அது பொய் இல்லையே. நீதானே வைத்தாய்? நான் வெறும் தட்டச்சு.

உன் அப்பா ஒரு மணித்தியாலம் கீழே புல்லில் இருந்து காற்று வாங்கினார். நல்ல வெயில் வேறு. குவிமாடம் எங்கேயும் ஓடிப்போகாது. அவரிடம் நான் ‘சொறி’ சொன்னதாகச் சொல்லிவிடு. சொறி என்றால் தேய்க்கிற சொறி இல்லை.

சரி, இது சரியாக வரவில்லை. ஆனாலும் அனுப்புகிறேன். பதில் போடு.

பிரவீணன்

•

டுசல்டோர்ஃப்,
02.06.2025

பிரவீணன்,

‘பிழை நடந்துவிட்டது’ என்று எழுதியிருக்கிறாய். பிழைக்குக் கால் இருக்கிறதா, தானாக நடப்பதற்கு? இலக்கணத்தில் கெட்டிக்காரன் அல்லவா, எழுவாய் எங்கே?

காற்று வாங்கினார் என்றாய். நீ அந்த நேரம் வரிசையின் முன்னால் நின்றாய், அவர் என்ன செய்தார் என்று முழுக்கப் பார்த்திருக்கமாட்டாய். ஆகவே கேள். அந்த ஆள் “இந்தப் பட்டியலில் உங்கள் பேர் இல்லை” என்று மரியாதையாகத்தான் சொன்னார். அப்பா புதுக் கடவுச்சீட்டைக் கொடுத்தார். அது போதாது என்று தெரிந்ததும் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதை அவர் கொண்டுவந்ததே எனக்குத் தெரியாது. பிறப்பு அத்தாட்சி, கலியாணப் பதிவு, தொழிற்சாலை ஒப்பந்தம், அகதி விண்ணப்பம் போட்ட காலத்தில் ஆறு மாதத்துக்கு ஒருதரம் நீட்டித் தந்த பழைய தாள்கள், எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார். அந்த ஆள் “வேண்டாம், ஐயா, வேண்டாம்” என்று சொல்லச் சொல்ல வைத்தார். நான் அவரைப் பதினாறு வருடமாகப் பார்க்கிறேன், அந்தத் தாள்களை அதற்கு முன் பார்த்ததில்லை.

பிறகு எல்லாத் தாளையும் அடுக்கி உறைக்குள் வைத்துவிட்டு, எங்களிடம் “நீங்கள் போட்டு வாங்கோ” என்றார்.

அதற்குப் பிறகுதான் உன் வாய் முந்தியது. அவர் நாலு அடிதான் போயிருந்தார். “நிருஷா தந்த பேர்” என்று நீ சொன்னது அவருக்கு வடிவாகக் கேட்டது. நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு நடந்தார்.

என் பள்ளிக்கூடத்தில் என்னை எப்படிக் கூப்பிடுகிறார்கள் தெரியுமா? ஃப்ராவ் செல்வராசா. என் பேருக்குப் பின்னால் நிற்பதே அவருடைய பேர். நான் அதை உடைத்து விளையாடினேன் என்று முப்பத்தேழு பேருக்கு முன்னால் அவர் அறிந்துகொண்டார். பஸ்ஸில் ஏழு மணித்தியாலம் எனக்குப் பக்கத்தில் இருந்தார். ஒரு சொல் கதைக்கவில்லை. இன்றைக்குப் பத்தாவது நாள். ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவிடம் சொல்கிறார், அம்மா எனக்குச் சொல்கிறா. நாங்கள் மூன்று பேரும் ஒரே மேசையில் இருக்கிறோம்.

உன் பக்கத்தில் நினைவுக் கற்களைப் பற்றி எழுதும்போது பகிடியை நிறுத்தினாய். எங்கே நிறுத்த வேண்டும் என்று உனக்குத் தெரிகிறது. கல்லுக்குக் கொடுத்த மரியாதையை என் அப்பாவுக்குக் கொடுக்கவில்லை.

பதில் எழுதாதே. எழுதுவதென்றால் உண்மையை எழுது.

நிருஷா

•

பெர்லின்,
10.06.2025

நிருஷா,

எழுவாய்: நான்.

நான் அடித்தேன். நான் அனுப்பினேன். பக்கம் ஒன்றும் செய்யவில்லை. பொத்தானை என் விரல்தான் அழுத்தியது. படம் எடுத்து உனக்கு அனுப்ப நினைத்தது உண்மை. அனுப்பவில்லை, ஏனென்றால் அதைவிட நல்ல யோசனை ஒன்று வந்தது.

மறுநாளே பதில் வந்தது: பேர்களைச் சரி பாருங்கள், திருத்தம் இருந்தால் அறிவியுங்கள் என்று. பதினேழாம் வரியைப் பார்த்தேன். திருத்த எனக்கு மூன்று கிழமை இருந்தது. அந்த மூன்று கிழமையும் நான் என்ன செய்தேன் தெரியுமா? வாசலில் நிற்கிற ஜெர்மன்காரர் அந்தப் பேரை வாசிக்கிற காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். சனம் சிரிக்கும், யார் செய்தது என்று தேடும், நான் ஒன்றும் தெரியாதவன் மாதிரி வானத்தைப் பார்ப்பேன், பிறகு தெரியவரும். அதற்குப் பிறகு அவர் உள்ளே போவாரா மாட்டாரா என்று நான் யோசிக்கவே இல்லை. பேர் சரியில்லை என்றால் விடமாட்டார்கள் என்று எழுதினதே நான்தான். அதையும் பகிடியாகத்தான் எழுதினேன், அதனால் அது எனக்கே உறைக்கவில்லைப் போல.

இன்னொன்று இருக்கிறது. இதை எழுதாமல் விடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன்.

சனம் சிரித்தபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. இரண்டு விநாடி இருக்கும். நான் நினைத்தபடியே நடந்துவிட்டது என்று. அப்போதுதான் உன் அப்பாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார், நிருஷா. கொஞ்சமாக, மரியாதைக்குச் சிரிக்கிற மாதிரி. எல்லாரும் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல், சுற்றிப் பார்த்துக்கொண்டே சிரித்தார். தன்னைத்தான் என்று தெரிய அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்த முகம் மாறினதை நான் முழுக்கப் பார்த்தேன். அதற்குப் பிறகும் ‘நிருஷா தந்த பேர்’ என்று சொன்னேன் என்றால், நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீயே சொல்லு. அந்த முகத்தைப் பார்த்த பிறகு அது என்னுடைய வேலை என்று சொல்லப் பயமாக இருந்தது. கையில் கிடைத்தது நீ.

இந்தக் கிழமை பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் என் பேரைத் திரித்துக் கூப்பிட்டான். வழக்கமாக நான் இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுப்பேன். இந்தமுறை என் பேரைச் சரியாகச் சொல்லிக் காட்டிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ ஏதாவது சொல்ல வேண்டி வரும்.

பிரவீணன்

•

டுசல்டோர்ஃப்,
16.06.2025

பிரவீணன்,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். அப்பா சிரித்ததை எழுதியிருக்க வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நானும் ஒன்று எழுத வேண்டும். அந்தப் பேரை அந்த ஆள் வாசித்தபோது நானும் சிரித்தேன். முதலில் சிரித்ததே நான்தானோ தெரியாது. என் சொல், என் பகிடி, ஒரு சீருடைக்காரர் வாயில் கேட்டதும் என்னை அறியாமல் வந்துவிட்டது. அதனால் உன்னை நான் ஏசினதில் பாதி, என்னை ஏச வேண்டியது.

பிறகு நான் மேலே போனேன். “நீங்கள் போட்டு வாங்கோ” என்றார், போய்விட்டேன். நில்லு என்று என்னை யாரும் தடுக்கவில்லை. நானும் நிற்கவில்லை. எல்லாரும் போகிறார்கள், நான் மட்டும் கீழே நின்றால் எல்லாரும் என்னையே பார்ப்பார்கள் என்று வெட்கப்பட்டுப் போனேன். கண்ணாடியைச் சுற்றி ஏறும்போது கீழே புல்வெளி தெரிந்தது. அதில் அப்பா தனியாக இருந்தார், மடியில் அந்த உறை. மேலே இருந்து பார்க்க ஒரு விரல் நுனி அளவுதான் இருந்தார். இராயப்பு மாமா எனக்குக் கோபுரத்தையும் வாசலையும் கைகாட்டிக் கொண்டிருந்தார். நான் ஓம் ஓம் என்றேன்.

அப்பாவிடம் போய் “அந்தப் பேர் நான்தான் வைச்சனான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்று சொல்லிப் பார்த்தேன். “சாப்பாடு ஆறப்போகுது எண்டு சொல்லும்” என்று அம்மாவிடம் சொன்னார்.

நீ அவருக்குக் கடிதம் எழுதாதே. கடிதத்தில் நீ நல்லாக எழுதிவிடுவாய். 28ஆம் தேதி சனிக்கிழமை எங்கள் தமிழ்ப் பள்ளியின் கடைசி நாள், பெற்றோர் எல்லாரும் வருவார்கள். பஸ்ஸில் வந்த அதே ஆட்கள்தான். வந்து, எழும்பி நின்று, வாயால் சொல்லு. வைத்தது நான், போட்டது நீ என்று சொல்லு. என்னைக் காப்பாற்றச் சொல்லவில்லை. அவர் ஏன் கீழே இருந்தார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். இப்போது அவர்கள் தங்களுக்குள், “பேர் சும்மா சாட்டாம், கடவுச்சீட்டிலதான் ஏதோ பிழையாம்” என்று கதைக்கிறார்கள்.

நிருஷா

•

பெர்லின்,
21.06.2025

நிருஷாவுக்கு,

வருகிறேன். அம்மாவிடம் ஏன் என்று சொல்ல வேண்டி வந்தது. சொன்னேன். அவ அப்போதே பயணச்சீட்டு எடுத்துத் தந்தா. அதற்கு ஏசியிருக்கலாம்.

என்ன சொல்லுவது என்று எழுதிப் பார்த்தேன். ஐந்து தரம் எழுதி, ஐந்திலும் ஏதாவது ஒரு பகிடி வந்துவிட்டது. நான் வைக்கவில்லை, தானாக வருகிறது. (பார்த்தாயா, மறுபடியும் எழுவாயை ஒளிக்கிறேன்.) ஆகவே எழுதாமல் வருகிறேன்.

உன் அப்பாவை ‘மாமா’ என்று கூப்பிடலாமா?

பிரவீணன்

•

டுசல்டோர்ஃப்,
01.07.2025

பிரவீணனுக்கு,

நீ போன பிறகு நடந்ததை எழுதுகிறேன்.

முதலில் நீ அறிய வேண்டியது: நீ கதைத்தது ஒருத்தருக்கும் பெரிதாக விளங்கவில்லை. அவ்வளவு கெதியாகச் சொன்னாய். அஞ்சலா ரீச்சர் பக்கத்தில் இருந்தவவிடம் “என்னவாம், என்னவாம்?” என்று கேட்டா. “மாமாவின்ர கடவுச்சீட்டில ஒரு பிழையும் இல்லை, நான்தான் பேரை மாத்திப் போட்டனான்” என்ற ஒரு வரி மட்டும் எல்லாருக்கும் கேட்டது. அது போதும். இராயப்பு மாமா எழும்பி வந்து அப்பாவின் கையைப் பிடித்தார். “நானும் சிரிச்சனான், செல்வராசா” என்றார். அப்பா “சரி அண்ணை, சரி” என்றார்.

உன்னிடம் அப்பா கேட்டது “தம்பி, சாப்பிட்டனீரோ?” மட்டும்தான் என்று நினைத்தேன். பிறகு சாப்பாட்டு வரிசையில் நடந்ததை அம்மா சொன்னா. “அந்தக் கண்ணாடிக்குள்ள நிண்டா என்ன தெரியும்?” என்று கேட்டாராம். நீ “நான் ஏறினதில்லை மாமா, அண்டைக்கும் என்ர பேரைப் பதியேல்லை, இணையத்தில பாத்து எழுதினனான்” என்றாயாம். “பதினாறு வருசமா அங்க இருக்கிறீர்?” “ஓம்.” “மற்ற இடங்கள்?” “கோபுரத்துக்கும் போனதில்லை.” இரண்டு பேரும் சோற்றுக் கோப்பையோடு நின்றீர்களாம். எங்களுக்கு இவ்வளவு பெரிய பக்கம் எழுதின வழிகாட்டி! அம்மா சொல்லும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மாதத்துக்குப் பிறகு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா தொலைக்காட்சியைப் பார்த்தபடி அம்மாவிடம் கதைக்கத் தொடங்கினார். நான் அறையில்தான் இருந்தேன். எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் கதைத்தார் போல.

அவர் பெர்லினுக்கு முன்பே ஒருதரம் வந்திருக்கிறார். 1994இல், இருபத்துநாலு வயதில். அகதி விண்ணப்பம் போட்டவர்கள் அப்போது தங்கள் மாவட்டத்தை விட்டு அனுமதித் தாள் இல்லாமல் போகக்கூடாதாம், விதி அது. சுவர் விழுந்த இடத்தையும் அந்த வாசலையும் பார்க்க வேண்டும் என்று ஒரு ஆசையில், யாருக்கும் சொல்லாமல் ரயில் ஏறியிருக்கிறார். ட்சோ ஸ்டேசனில் இறங்கினார். மேடையிலேயே இரண்டு பொலிஸ்காரர் தாளைக் கேட்டார்கள். ஒரு மர வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்து, அடுத்த ரயிலில் திருப்பி அனுப்பினார்கள். பெர்லினில் அவர் பார்த்தது அந்த மேடை மட்டும். “அதுக்குப் பிறகு எங்கயும் போற எண்டாலே, தாள் கேப்பாங்கள் எண்டு வேலையைச் சாட்டி நிண்டிடுவன்” என்றார். அம்மாவுக்கே இது தெரியாது. இருபது வருடக் கலியாணம்!

செல்லாத ராசா என்று பேர் வைத்தவள் அறையின் மூலையில் இருந்தேன்.

12ஆம் தேதி ரயிலில் பெர்லின் வருகிறோம். அந்த மேடையைப் பார்க்க வேண்டுமாம். “உம்மட மகளையும் வரச் சொல்லும்” என்று அம்மாவிடம் சொன்னார். “அந்தப் பெடியனையும்.” என்னிடம் இன்னும் நேராகக் கதைக்கவில்லை.

நிருஷா

•

பெர்லின்,
14.07.2025

அன்புள்ள நிருஷாவுக்கு,

சனிக்கிழமை முழுக்க நீயும் அங்கே நின்றாய், ஆகவே நடந்ததை உனக்குத் திருப்பி எழுத வேண்டியதில்லை. ஆனால் சிலது எழுதத்தான் வேண்டும், ஏனென்றால் எனக்கு அந்த நாளை ஒருத்தருக்காவது சொல்ல வேண்டும், எங்கள் வீட்டில் சொன்னால் “ஸ்டேசன் வாங்கையோ பாக்க வந்தவை?” என்கிறார்கள்.

மாமா மூன்றாம் மேடை என்று சரியாகச் சொன்னார். வாங்கு மாறிவிட்டது, இப்போது இருப்பது இரும்பு. அவர் அதைச் சுற்றி வந்து, இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பார்த்து, கடைசியில் குறுக்காக ஒரு இடத்தில் இருந்தார். நான் பயந்து பயந்து “மாமா, ஒரு படம் எடுக்கவோ?” என்றேன். ஏசுவார் என்று நினைத்தேன். சட்டையை இழுத்துச் சரி செய்து, தலைமயிரைத் தடவி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்து நிமிர்ந்து இருந்தார். பிரண்டன்பூர்க் வாசலுக்கு முன்னால் இருக்கிற மாதிரி. ரயிலுக்கு நின்ற சனம் எல்லாம் அந்த வாங்கில் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தது. அந்த நேரம் எனக்கு நாலு பகிடி வந்தது. நாலையும் விழுங்கினேன். உன் அம்மா கண்ணைத் துடைத்தா. நீ பக்கத்தில் போய் இருந்தாய், அவர் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அந்தப் படத்தை இதோடு வைத்திருக்கிறேன். உன் தலை பாதி வெட்டுப்பட்டுவிட்டது.

குவிமாடத்துக்குப் பதிந்து தரட்டோ என்று கேட்டதற்கு அவர் சொன்னது உனக்கும் கேட்டது: “வேண்டாம் தம்பி, அந்தப் படிவத்தை நானே நிரப்புவன்.” நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். எனக்குச் சிரிக்க உரிமை இருந்ததா தெரியாது.

இப்போது எழுத வந்த விஷயம்.

நீயும் அம்மாவும் தண்ணீர் வாங்கக் கீழே போனீர்கள். வரிசை நீளம், பத்து நிமிடம் ஆனது. அந்தப் பத்து நிமிடத்தில் மாமா என்னோடு கதைத்தார். முதலில் ரயில் நேரங்களைப் பற்றி. பிறகு உன்னைப் பற்றி. ஏன் ஒன்றரை மாதமாக உன்னோடு கதைக்கவில்லை என்று சொன்னார். நான் கேட்கவில்லை, அவராகத்தான் சொன்னார். தண்டவாளத்தைப் பார்த்தபடியே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, “இதை அவவிட்டைச் சொல்லிப்போடாதையும்” என்றார்.

இது நான்காவது தாள். முதல் மூன்றிலும் அவர் சொன்னதை முழுக்க எழுதினேன். நீ அறிய வேண்டியது, அறிந்தால் உனக்கு இரவில் நித்திரை வரும், எழுதினால் என்ன என்று நினைத்து எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். அவர் என்னிடம் சொன்னது அது. என் வாயால் உன் வீட்டுக்குள் போன சொற்கள் ஏற்கெனவே போதும்.

கோபம் இல்லை என்பதை மட்டுமாவது எழுதலாமா என்று அரை மணித்தியாலம் யோசித்தேன். எழுதிவிட்டேன், பார். இதைக்கூட எழுதியிருக்கக்கூடாதோ தெரியவில்லை. இதற்கு மேல் ஒரு சொல்லும் என்னிடமிருந்து வராது. நீ கெஞ்சினாலும் வராது, ஏசினாலும் வராது.

நீ தண்ணீர்ப் போத்தல்களோடு படியேறி வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடினோம். “என்ன, என்னைப் பற்றியோ?” என்று கேட்டாய். ஓம், உன்னைப் பற்றித்தான்.

அவரிடம் கேள். அம்மா கடைக்குப் போகிற நேரமாகப் பார்த்து, நேராகக் கேள். முதல் தரம் கேட்டால் சொல்லமாட்டார், தொலைக்காட்சியைப் போடுவார். எழும்பிப் போய்விடாதே. பக்கத்தில் இருந்து கேள்.

பிரவீணன்